தொண்ணூறு நம்பர் எண்ணெய்: ஹெரால்ட் காரும் கொங்கு நாட்டுப் பட்டறைகளும்

திருப்பூரிலிருந்து நாடெங்கும் செல்லும் சரக்குகளில், ஏற்றுமதிப் பெருமை பேசுவோர் எவரும் குறிப்பிடாத ஒன்று உண்டு. அது பனியன் வேஸ்ட். வெட்டு மேசையில் விழும் துண்டுகளையும் பழுதான பின்னல் துணிகளையும் மூட்டை கட்டி எடைக்கு விற்பார்கள். சேலமாக இருந்தாலும் செகந்திராபாத்தாக இருந்தாலும் மோட்டார் பட்டறை என்று ஒன்று இருக்குமானால் அதன் மூலையில் அந்த மூட்டையும் இருக்கும். பனியனைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அந்த வேஸ்ட்டில் கை துடைத்தவர்களைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அக்கைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரித்து மாட்டிய ஒரு காரின் கதையை இங்கே சொல்ல முயல்கிறோம்.

நம் நண்பர் வட்டத்தில் ஒருவருக்குத் தந்தை வழியில் வந்து சேர்ந்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட். பின்னலாடைக் கிடங்கு ஒன்றில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், பஞ்சுத் தூசு படிந்து பல ஆண்டுகள் நின்றிருந்தது. அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் வேலையில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. இலக்கியம் படிப்பவர்களுக்கு இது என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு நம்மிடம் அப்போது பதில் இல்லை.

ஹெரால்ட் பிறந்தது 1959இல், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்காக அதன் உருவத்தை வரைந்தவர் ஜொவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அக்காலத்தில் மற்றக் கார்கள் உடலும் சட்டமும் ஒன்றேயாகி வரத் தொடங்கிவிட்டன. ஹெரால்டோ பழைய முறைப்படி தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக உடல் பூட்டப்பட்ட கார். இதை ஏதோ பொறியியல் கொள்கை என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்டாண்டர்டுக்குக் கார் உடல்கள் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமற் போகவே, பல பட்டறைகளில் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி காரை வகுத்தார்கள். வணிகப் பகையின் விளைவாக வந்த வடிவம் இது.

அந்தப் பகையின் பலனைத் திருப்பூரில் ஓர் இரவு நாம் அனுபவித்தோம். பிரேக்கை மிதித்தால் பின்புற விளக்கு மங்கியது. இடப்பக்கச் சைகை விளக்கைப் போட்டால் வலப்பக்கமும் லேசாக மினுங்கியது. ஒயர்களை எல்லாம் மாற்றிவிடலாம் என்று நமக்குத் தோன்றியது. நம் மேஸ்திரி ஒயர்களைத் தொடவே இல்லை. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீண்ட ஒயர் ஒன்றை இழுத்து விளக்கின் தகரக் கூட்டில் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. விளக்கிலிருந்து மின்சாரம் திரும்பும் வழி காரின் உடல்தான். உடலோ பல துண்டுகள். துண்டுகளை இணைக்கும் போல்ட்டுகளில் துரு ஏறினால் திரும்பும் வழி அடைபட்டு, மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியே சுற்றிக்கொண்டு போகும். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முடுக்கியதும் கோளாறு தீர்ந்தது. 1953இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் கைமாறியதற்கும், காதர்பேட்டைச் சந்தில் நம் விளக்கு மங்கியதற்கும் நடுவே இருந்தவை இந்த நான்கு போல்ட்டுகள்.

இது நிற்க. ஹெரால்டுக்குப் புகழ்பெற்ற ஒரு தம்பி உண்டு. ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் திறந்த உடலொன்றை அதே மிக்கெலோட்டி வரைந்தார். நிறுவனத்திடம் பணமில்லாததால் அந்த முன்மாதிரி ஆலை மூலையில் தூசுத் துணியின் கீழே கிடந்தது. 1961இல் நிறுவனம் லேலண்டின் கைக்கு மாறிய பிறகு, புதிய நிர்வாகிகள் ஆலையைச் சுற்றிப் பார்க்கையில் துணியை விலக்கிக் கண்டெடுத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1962 அக்டோபரில் அது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வெளிவந்தது. எடை ஏறத்தாழ 700 கிலோ. எஞ்சின் 1147 சி.சி. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் உற்பத்தியாயின. பிரிட்டனின் இலகுரக ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்றும் பலருக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் செய்யப்படவில்லை. ஆனால் அதன் எலும்புகள் இங்கே செய்யப்பட்டன. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஹெரால்டை வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் உற்பத்தி செய்தது. ட்ரையம்ஃப் என்ற பெயர் இங்கே வரவில்லை. ஸ்டாண்டர்டு என்றே விற்றார்கள். சாதாரணமானது என்ற பொருள் ஏறிவிட்டதால் பிரிட்டன் 1960களின் முற்பகுதியிலேயே கைவிட்ட அப்பெயர், சென்னையில் 1988 வரை வாழ்ந்தது. பிரிட்டனில் ஹெரால்டின் எஞ்சின் 1147, 1296 என்று வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948 சி.சி.தான். மாறாக, கோவென்ட்ரி ஒருபோதும் செய்யாத நான்கு கதவு ஹெரால்டைச் சென்னை செய்தது. கூட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று ஆலைக்குத் தெரிந்திருந்தது.

முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவானது. எடைக் குறைப்பையே வேதமாகக் கொண்ட காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் காரிலும் இதே ஹெரால்ட் வகைத் தண்டுகள் முன் சக்கரத்தைத் தாங்கின. ஆகவே நாம் இனிச் சொல்லப்போகும் பழுது, திருப்பூர்க் கிடங்கில் நின்ற ஒரு பழைய குடும்பக் காரின் பழுது மட்டுமில்லை.

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்காரும். ஆங்கிலேயர் இதை ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. நட்டும் போல்ட்டும்தான் சக்கரத்தின் சுழற்சி அச்சு! செலவு குறைந்த ஏற்பாடு, அழகானதும்கூட. இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே கனமான கியர் எண்ணெய் இருக்க வேண்டும். பட்டறை மொழியில் தொண்ணூறு நம்பர். கிரீஸ் கூடாது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். எண்ணெய் ஊற்ற அங்கே வாய் கிடையாது. சிறு திருகு ஒன்றைக் கழற்றி, அவ்விடத்தில் கிரீஸ் நிப்பிளை மாட்டி, எண்ணெய் நிரப்பிய துப்பாக்கியால் அடிக்க வேண்டும். நிப்பிள் மாட்டிய இடத்தைக் கண்டால் எந்த மெக்கானிக்கும் என்ன செய்வார்? துப்பாக்கியில் இருப்பது கிரீஸ். அதையே அடித்தார்கள். பேருந்திலும் லாரியிலும் அப்படித்தான் செய்து பழகியிருந்தார்கள். கிரீஸ் மரையின் அடிவரை சென்று சேராது. சென்றதும் நாளடைவில் காய்ந்து மெழுகாகும், மேலிருந்து மழைநீர் இறங்கும், இரும்புத் தண்டில் துரு ஏறும், வெண்கலம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டு முறுக்கப்பட்டு, ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் ஒடியும். சக்கரம் வண்டிக்கடியில் மடியும்.

பெரும்பாலும் அது வேகத்தில் நடப்பதில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பும்போதோ நிறுத்தும்போதோதான் நடக்கும். ஹெரால்ட் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் கார். அது அதன் பெருமை. அந்தப் பெருமையைக் காட்டும்போதே ஒடிவது கொடுமை. எனினும் எப்போதும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நண்பரின் தந்தையார் அந்தக் காரை ஓட்டுவதை நிறுத்தியதற்குக் காரணமே பெருமாநல்லூர்ச் சாலையில் சக்கரம் மடிந்து, வண்டி வாய்க்கால் ஓரம் சாய்ந்ததுதான் என்று பிறகு தெரிந்தது. வண்டிக்குள் அன்று நம் நண்பரும் இருந்தார், ஐந்து வயதுப் பிள்ளையாக. அப்பா வேகமாக ஓட்டினார் என்று வீட்டில் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மற்றச் சக்கரத்தின் கட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்த மேஸ்திரி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தது காய்ந்த பழுப்பு நிறக் கிரீஸ்.

“ஏனுங் தம்பி, இதுக்குள்ள கிரீஸ அடிச்சு வெச்சிருக்காங்களே, இதுதானுங்க வண்டியக் கவுத்தது. அப்பாருமேல தப்பே இல்லீங்க” என்றார்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிக்கு இது எப்படித் தெரியும்? அவர் ஆங்கிலக் கையேட்டைப் படித்தவரில்லை. இளம் வயதில் பேருந்துக் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அவர் கற்ற பள்ளிக்குக் கொங்கு நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி–பழனித் தடத்தில் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கிய தொழில், யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. ஆலைகள் பெருகினால் வார்ப்பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் பெருக வேண்டும். பம்புசெட்டுகளும் மோட்டார்களும் அவற்றைத் தொடர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. தேய்ந்த பாகத்தைப் பார்த்து, அதேபோல் இன்னொன்றைக் கடைந்துகொள்வது இங்கே ஒரு தலைமுறையின் இயல்பாகவே ஆகிவிட்டது. திருப்பூர் 2009 வரை கோவை மாவட்டத்தின் பகுதி என்பதையும் நினைவுகூரலாம். பின்னல் எந்திரங்களின் விட்டமும் கேஜும் இன்றும் அங்குலக் கணக்குதான். ஹெரால்டின் அங்குல போல்ட்டுகளுக்கான ஸ்பேனர்கள், 1983 டிசம்பரில் மாருதி வந்து எல்லாம் மில்லிமீட்டரான பிறகும், இங்கே பழைய பெட்டிகளின் அடியில் கிடைத்துவிடுகின்றன.

ஆலை மூடி உதிரிபாகம் நின்றபின் ஹெரால்டுகள் இந்தப் பட்டறைகளால்தான் ஓடின. நம் காருக்கும் கட்டைகள் பீளமேட்டுப் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் கன்மெட்டலில் கடைந்து வந்தவைதாம். தண்டை மட்டும் கடைய வேண்டாம் என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். பட்டறையில் கிடைக்கும் கம்பி எதுவென்றே தெரியாது, அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்றார். தண்டுகளை இங்கிலாந்திலிருந்து தருவித்தோம். அங்கே ஸ்பிட்ஃபயர் ஆர்வலர்களுக்காக இன்னும் செய்கிறார்கள். தன்னால் முடியாதது எது என்று அறிந்திருப்பதும் கைத்திறனின் பகுதி என்றே நமக்குத் தோன்றியது.

கிரீஸ் விஷயத்தில் பட்டறைகள் பிழை செய்தன. இன்னொரு விஷயத்தில் கோவென்ட்ரியைவிடப் பட்டறைகளே சரியாக இருந்தன. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும். குறுக்கே வைத்த ஒரே கமான் பட்டை இரண்டையும் தாங்கும். அரைத்தண்டு ஒவ்வொன்றும் நடுவிலுள்ள ஒரு மூட்டிலிருந்து ஊஞ்சல்போல் ஆடும். நான்கு பேரும் மூட்டைமுடிச்சும் ஏறினால் பட்டை அமுங்கி, சக்கரங்களின் கால் விரிந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். மூட்டுக் கிராஸ்கள் ‘டக் டக்’ என்று அடித்துக்கொள்ளும். ஆளில்லாத வண்டி வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிச்சக்கரம் உட்புறமாக மடங்கி வண்டியின் பின்பாகம் தூக்கும். இதை நம் மெக்கானிக்குகள் தொடக்கம் முதலே விரும்பவில்லை. வாங்குபவர்களும் தயங்கினார்கள்.

இந்த வெறுப்பைப் பத்தாம்பசலித்தனம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அதே ஊஞ்சல் தண்டு அமைப்பைக் கொண்ட அமெரிக்கக் காரான கோர்வேரைத்தான் ரால்ஃப் நேடர் 1965இல் தம் நூலின் முதல் அத்தியாயத்தில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். 1970இல் வந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில், பட்டை ஊசலாடும்படி அமைத்து ட்ரையம்ஃபே குறையைத் தணித்தது. சென்னை ஆலை அதைவிட எளிய முடிவை எடுத்தது. 1972இல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த கெஸல் காரில் ஊஞ்சல் தண்டுகளையே எடுத்துவிட்டு, லாரிபோல ஒற்றை இறுகிய அச்சை வைத்தார்கள். வடிவமைப்பாளர் வரைந்ததைப் பழுதுபார்ப்பவர் திருத்திய அரிய தருணங்களுள் இது ஒன்று. கார்களின் வரலாற்றை எழுதுவோர் மிக்கெலோட்டியின் பெயரைத் தவறாமல் சொல்வார்கள். கெஸலின் பின் அச்சுக்குக் காரணமானவர்களுக்குப் பெயரில்லை. அந்தக் காரும் பெரிதாக விற்காமல் 1977இல் நின்றது என்பது வேறு கதை.

விளையாட்டுக் காரின் ரத்தம் ஹெரால்டில் ஓடுவதைக் கண்டுகொண்டவர்களும் இங்கே இருந்தார்கள். சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. அவ்வழியில் கோவை ஆலைக் குடும்பத்திலிருந்து வந்த கரிவரதன், மாருதியின் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களையே உள்ளூரில் கட்டினார். 1995இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இப்போதுள்ள தொல்லைகள் வேறு. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் வால்வு இருக்கைகளுக்கு ஒரு மெத்தைபோல் இருந்து வந்தது. அது போனதும் பழைய வார்ப்பிரும்புத் தலையில் இருக்கைகள் குழிந்தன. தலையைக் கழற்றி, கடினமான வளையங்களைப் பொருத்தியதும் கோவைப் பட்டறைதான். பிறகு எத்தனால் வந்தது. 2025இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே எங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. ஈரத்தை இழுத்து டாங்கியின் அடியில் துருவை வளர்க்கிறது. குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கியைக் காலி செய்துவிடுகிறோம்.

சித்திரை வெயிலில் இன்னொன்று. பம்பு எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், நெரிசலில் நின்றால் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி, எஞ்சின் இருமி நின்றுவிடும். அப்போது மூடியைத் திறந்து ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஹெராட்டின் முன்பாகம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னோக்கித் திறக்கும். டயரின்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். மேஸ்திரி இந்த ஒரு வசதிக்காகவே அந்த இங்கிலீஷ்காரனை மன்னிப்பதாகச் சொல்வார்.

2021இல் மத்திய அரசு, ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் ஓட்டலாம். பழுதுபார்ப்பதற்காக ஓட்டலாம் என்று சட்டமே சொல்லியிருப்பதைப் படித்து வெகுநேரம் சிரித்தோம். இரண்டு ஆண்டுகளாக நாம் வேறென்ன செய்துகொண்டிருந்தோம்? கோவையில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் பளபளவென்று நிற்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நின்ற காரின் ட்ரன்னியனில் இருப்பது எண்ணெயா கிரீஸா என்று யாரும் கேட்பதில்லை.

மேஸ்திரிக்கு எழுபது கடந்துவிட்டது. அவர் மகன் பின்னல் எந்திரங்களுக்குச் சர்வீஸ் பார்க்கிறார், நல்ல வருமானம். அந்தப் பட்டறையில் ஹெரால்ட் தெரிந்த இன்னொரு கை இல்லை.

வேலை முடிந்த அன்று, அவர் ஒரு சிறு தூரிகையும் வெள்ளைப் பெயிண்டும் கேட்டார். முன்பாகத்தைத் திறந்து, இரு சக்கரங்களுக்கும் அருகே சட்டத்தின்மேல் ‘ஆயில் மட்டும்’ என்று எழுதினார். கையெழுத்து நடுங்கியிருந்தது. காய்ந்ததும் முதலில் நண்பரின் தாயாரைத்தான் காரில் ஏற்றிப் பெருமாநல்லூர்ச் சாலையில் போனோம். வாய்க்கால் அருகே வந்தபோது அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, முன் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.